பழைய கார் மேலே ஏறாது

இந்தக் குடும்பத்தில் பொய் சொல்லத் தெரியாதவர் யாரும் இல்லை. முகத்துக்கு நேரே ‘மாட்டேன்’ என்று சொல்லத் தெரிந்தவர்தான் யாரும் இல்லை.

இந்தத் தொடர்கதையில் ஆரம்பத்திலிருந்தே கூட வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு நிமிடம்.

மாமனார் ஒரு பக்கம் கை கால் விழுந்து படுத்ததிலிருந்து, மலை மேலே இருக்கிற பூச்செடிப் பண்ணை வீட்டில் மூத்த மகனும் பெரிய மருமகளும்தான் அவரைப் பார்த்துக்கொள்கிறார்கள். “எல்லாரும் இங்கயே வந்துடுங்க, ஒண்ணா இருக்கலாம்” என்பது மூத்தவரின் தீர்ப்பு. அவர் கருத்து சொல்கிற ஆள் இல்லை. கீழே டவுனில் இருக்கிற இளைய மகனும் அவர் மனைவியும், அதாவது நம் சின்னவளும், வரமாட்டோம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் ஒன்றுதான்: எங்க கார் ஏறாது.

அது முழுப் பொய்யும் இல்லை. ஒரு மழை நாளில், பண்ணை வீட்டுக்கு முந்திய கடைசித் திருப்பத்தில், அந்த எலெக்ட்ரிக் காரின் பின் சக்கரங்கள் நிஜமாகவே சறுக்கிச் சுழன்றன. ஓட்டியது சின்னவள்தான். கொஞ்சம் பின்னால் வந்து, காலை மெதுவாக அழுத்தியிருந்தால் ஏறியிருக்கும். அது அவளுக்கே தெரியும். “ஏறலைங்க” என்று பக்கத்திலிருந்த கணவரிடம் சொல்லித் திருப்பிவிட்டாள்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அது குடும்பத்துக்குள் சட்டமாகிவிட்டது. பின் சக்கரம் மட்டும் இழுக்கிற கார், ஈரத்தில் நிற்காது, அங்கே குடியிருந்தால் தினமும் எப்படி இறங்கி ஏறுவது? மலையடிவாரத்தில் காரை விட்டுவிட்டு மூத்தவரின் ஜீப்பில் ஏறிப் போவார்கள், அன்றைக்கே திரும்பிவிடுவார்கள். வெயில் காலத்திலும் அந்தக் கார் ஏறவில்லை. திடீரென்று மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்ற முன்ஜாக்கிரதைதான்.

போன வாரம் மூத்தவர் போன் செய்ததில் நிறுத்தியிருந்தோம். “அதே கார்ல புதுசு வந்திருக்காம். நாலு சக்கரமும் இழுக்குமாம். பழசைக் குடுத்துட்டு அதை எடுத்துக்கோங்க. கடையில நான் பேசிட்டேன். இனிமே என்ன தடை உங்களுக்கு?”

ஒரு தடையும் இல்லை. சின்னவளின் பிரச்சினையே அதுதான்.

*

பல் செட் செய்கிற லேபில் அன்றைக்குக் காலை சின்னவள் ஒரு மேல் தாடையை முடித்துக்கொண்டிருந்தாள்.

பிளாஸ்டர் அச்சின் மேல் மெழுகு, மெழுகில் வரிசையாகப் பற்கள். ரிடையரான ஒரு வாத்தியாருக்கு. அவருடைய பழைய போட்டோ ஒன்றைப் பல் டாக்டர் அனுப்பியிருந்தார். போட்டோவில் முன்பல் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. சின்னவள் கத்தி நுனியைச் சூடு காட்டி, அந்தப் பல்லை அதே மாதிரி லேசாகத் திருப்பி வைத்தாள். பல் வரிசை சினிமாக்காரர் மாதிரி இருந்தால் அது அவர் வாயாக இருக்காது. இந்தத் திருப்பம் இருந்தால், அவர் மனைவி பார்த்து, ‘அட, பழையபடி ஆயிட்டீங்களே’ என்பாள்.

இந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். வெளியே சொல்லிக்கொள்வதில்லை. பல் செய்கிற வேலையில் பிடிக்க என்ன இருக்கிறது என்று மூத்தவர் ஒரு தடவை கேட்டிருக்கிறார். அன்றைக்கும் சிரித்து மழுப்பிவிட்டாள்.

“லீவு அரை நாள்தானே?” என்றார் லேப் முதலாளியம்மா. “இல்லை, ஒரேயடியா மேல போயிடப் போறீங்களா? காத்துவாக்குல கேள்விப்பட்டேன்.”

“யாரு சொன்னாங்க?”

“உங்க வீட்டுக்காரர்தான். நம்ம லிஃப்டைப் பார்க்க வந்தப்போ.”

சின்னவளின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். டவுனில் பாதிக் கட்டடங்களுக்கு அவர்தான். நடுவழியில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம், “கதவைத் தள்ளாதீங்க, நான் வெளியதான் நிக்கிறேன்” என்று கதை பேசிப் பேசியே பயத்தைப் போக்கிவிடுவார். ஊரெல்லாம் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுக்கிற மனிதருக்குத் தன் வீட்டில் ஒருத்தி மாட்டிக்கொண்டு நிற்பது தெரியவில்லையே என்று சின்னவளுக்குக் கோபம் வந்தது. தெரியப்படுத்தினால்தானே தெரியும் என்று கோபம் தன் பக்கமே திரும்பியது.

போன் அடித்தது. அவரேதான்.

“கெளம்பிட்டியா? கார் உன் பேர்ல இருக்கு. நீ வந்தாத்தான் வேலை ஆகும்.”

“இந்த வாரமேதான் மாத்தணுமா?”

“அண்ணன் பேசி வச்சுட்டாரே...” என்று இழுத்தார். பிறகு குரலை உயர்த்தி, “சூப்பர் வண்டி! நீ பாரேன்!” என்றார்.

*

கார்க் கடை முழுக்கக் கண்ணாடி. உள்ளே புத்தம் புதுக் கார்கள். அவற்றைவிடப் பளபளப்பாக ஒரு விற்பனைக்காரத் தம்பி. டை கட்டியிருந்தான்.

முதலில் பழைய காரைப் பார்க்க ஓர் ஆள் வந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், டயரை விரலால் தடவினார், திரையில் பேட்டரியின் நிலைமையைப் பார்த்தார். சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதாவது ஒரு குறை. இதை எடுத்துக்க முடியாதும்மா என்று ஒரு வார்த்தை.

“தங்கமா வச்சிருக்கீங்கம்மா” என்றார் அவர். “பேட்டரி புதுசு மாதிரி இருக்கு. யாரு ஓட்டறது?”

“நான்தான்.”

“மலையெல்லாம் ஏத்தாம வச்சிருக்கீங்க, அதான்.”

லிஃப்ட்காரர் ஏனோ இருமினார்.

அடுத்து புது வண்டியை ஓட்டிப் பார்ப்பது. “நீயே ஓட்டு” என்று சாவி அட்டையை அவளிடம் நீட்டினார் கணவர். தான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தம்பி பின்னால்.

தம்பி அவர்களை ரோட்டுக்கு அழைத்துப் போகவில்லை. கடைக்குப் பின்னால் சர்வீஸ் பகுதியிலிருந்து மேல் தளத்துக்குப் போகிற சரிவுக்கு அழைத்துப் போனான். செங்குத்து. கார் கழுவுகிற தண்ணீர் சோப்பு நுரையோடு அதில் வழிந்துகொண்டிருந்தது.

“உங்க அண்ணன் சார் போன்ல இதைத்தான் கேட்டாங்க” என்றான் தம்பி. “ஈரத்துல ஏறுமான்னு. ஏத்திக் காட்டிடறோம் சார்னு சொன்னேன். தைரியமா ஏத்துங்க மேடம்.”

சின்னவள் ஏற்றினாள். பாதிச் சரிவில் வேண்டுமென்றே நிறுத்தினாள்.

“ஏன் மேடம்?”

“சும்மா. நடுவுல நின்னா என்ன ஆகும்னு பார்க்கலாமேன்னு.”

பிறகு காலை ஒரேயடியாக அழுத்தினாள். அன்றைக்குத் திருப்பத்தில் சறுக்க வைத்த அதே அழுத்தல். வழுக்கு, வழுக்கு என்று மனசுக்குள் கெஞ்சினாள். பெற்ற பிள்ளை பரீட்சையில் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற தாயைப் போல அவளுக்கே அவமானமாக இருந்தது.

கார் துளி கூட வழுக்கவில்லை. நுரையின் மேல் நடந்து போய் மேல் தளத்தில் நின்றது.

“பார்த்தியா! ஏறிடுச்சு!” என்றார் லிஃப்ட்காரர், கொஞ்சம் அதிகச் சத்தமாகவே.

“முன்னாடி ஒரு மோட்டார், பின்னாடி ஒரு மோட்டார்” என்றான் தம்பி பெருமையாக. “ஒண்ணு வழுக்கினா இன்னொண்ணு இழுத்துக்கும்.”

மூத்தவர் மருமகள்களைப் பற்றிப் போட்டு வைத்திருக்கிற கணக்கும் இதுதான் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

அவள் ஒரு கடைசி முயற்சி செய்தாள். “கலர் கொஞ்சம்...”

“எந்தக் கலர் வேணாலும் இருக்கு மேடம்.”

“சீட் கொஞ்சம் கட்டியா...”

“பழகிடும் மேடம். எல்லாம் பழகிடும்.”

இருபத்து நாலு வயதுப் பையன் வாயில் அந்த வார்த்தை எப்படித்தான் வந்து உட்கார்ந்துகொள்கிறதோ. சின்னவளுக்கு ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது.

கீழே இறங்கியதும் தம்பி சொன்னான். “ஒரே ஒரு வேலைதான் பாக்கி. உங்க போன்ல இருக்கிற கார் ஆப்லேர்ந்து பழைய காரை நீங்களே நீக்கணும். எங்களால செய்ய முடியாது. உள்ள இருக்கிற சாமான்களை எடுத்துட்டு, நீக்கிட்டு வந்துடுங்க. முடிஞ்சுது.”

முடிந்தது என்றால் யாருக்கு முடிந்தது என்று அவனிடம் யார் கேட்பது?

*

பழைய காரின் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

சீட்டுக்கு அடியில் பிளாஸ்டர் தூள் படிந்த ஏப்ரன். குடை. கணவரின் ஸ்பானர் ஒன்று. வெளியூரில் படிக்கிற மகனின் ஒற்றைக் கால்பந்து ஷூ. அதன் ஜோடி எங்கே என்று அவனுக்கே தெரியாது. எல்லாவற்றையும் பையில் போட்டாள். போனைத் திறந்தாள். ‘இந்த வாகனத்தை நீக்கவா?’ என்று கேட்டது.

இப்போதே இறங்கி அவரிடம் போய், எனக்கு அங்க போக இஷ்டமில்லைன்னு சொல்லிவிட வேண்டியதுதான். நாலு வார்த்தை. அவள் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். கதவில் கையும் வைத்துவிட்டாள்.

அப்போது போன் மணி கார் முழுக்க அலறியது. காரோடு இணைந்த போன் ஆயிற்றே. திரையில் ‘அக்கா’ என்று வந்தது.

பெரியவள்! பண்ணை வீட்டிலிருந்து அவளாக அழைக்கிற வழக்கமே இல்லை. வாய்த் துடுக்கு, யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள், ஒரு வேலையைச் செய்தால் அதில் இன்னொருத்தர் கை வைக்க விடமாட்டாள். சின்னவளுக்கு அவளிடம் கொஞ்சம் பயமும் உண்டு.

“சொல்லுங்கக்கா. மாமாவுக்கு ஏதாவது...”

“அவரு தூங்கறாரு. நான் செடிக் கொட்டகைக்குள்ள இருக்கேன். நீ தனியாத்தான் இருக்கியா?”

சின்னவள் பாதி இறங்கியிருந்த கண்ணாடியை அவசரமாக ஏற்றினாள். வெளியே கணவரும் தம்பியும் புதுக் காரின் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“தனியாத்தான்க்கா.”

“கார் மாத்தியாச்சா?”

“இன்னும் இல்லை. அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். எனக்கு அங்க வர்றதுக்கு...”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“உன் கார் ஏறும்னு தெரியும். மாமாவுக்கு ஊசி போட வர்ற நர்ஸ் பொண்ணு இதே காரைத்தான் வச்சிருக்கா. கொட்டற மழையில கூட வந்து நிப்பா.”

சின்னவளுக்குக் காது சூடாகிவிட்டது. “அத்தான் பார்த்திருப்பாரே!”

“அவரு எங்க பார்த்தாரு? நர்ஸ் வர்ற நேரம் அவரு பூ ஏத்த மார்க்கெட்டுக்குப் போயிடுவாரு. ஒரு நாள் அவரு இருக்கறப்போ வந்துட்டா. காரைக் கொட்டகைக்குப் பின்னாடி விடுன்னு சொல்லிட்டேன். அப்புறம் தினமும் அங்கதான்.”

“எதுக்குக்கா?”

“வேற எதுக்கு? உனக்குத்தான்.” பெரியவளின் குரல் கரகரத்தது. “முதல்ல வயிறு எரிஞ்சுது. மகாராணிக்கு மலை ஏற முடியாதாமேன்னு. அப்புறம் நினைச்சேன். ரெண்டு பேரும் இங்க வந்து அடைஞ்சு கிடந்து யாருக்கு என்ன லாபம்? ஒருத்தியாவது பிழைச்சுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

இத்தனை நாளாக இந்த அக்காவின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டோம் என்று நினைத்திருந்தாளே! அவளுக்கு அழுகை வந்தது.

“இப்ப நான் கேக்கறேன்” என்றாள் பெரியவள். “நீ வந்துடு. நீ வந்துட்டா நான் கெளம்பிடுவேன்.”

“எங்க? கொஞ்ச நாளைக்கு அம்மா வீட்டுக்கா?”

“கொஞ்ச நாளைக்கு இல்லை. ஒரேயடியா.”

“அக்கா!”

“கத்தாதே. உங்க அத்தான் கூட என்னால இனிமே இருக்க முடியாது. என்னன்னு இப்பக் கேக்காதே, நேர்ல சொல்றேன். எப்பவோ போயிருப்பேன். மாமா என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கறாரு. ஒத்தக் கை. அந்தக் கையை யார்கிட்ட குடுத்துட்டுப் போறது? உங்க அத்தான் தகப்பனாருக்கு ஒரு வாய் தண்ணி குடுத்ததில்லை. நர்ஸ் ஊசி போட்டுட்டுப் போயிடுவா. நீ வந்து பக்கத்துல உட்கார்ந்தா நான் திரும்பிப் பார்க்காம இறங்கிடுவேன்.”

“இவர்கிட்ட சொல்லட்டுமா? இவரு நல்லவர்க்கா.”

“நல்லவரேதான். அதனாலதான் சொல்லக் கூடாது. அண்ணன் முகத்தைப் பார்த்தா அவரு வாயிலேர்ந்து தானா வந்துடும். உன்னையும் என்னையும் தவிர ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. வருவியா?”

பல் டாக்டர் அனுப்பிய போட்டோக்கள், மெழுகு வாசனை, ஜன்னல் பக்கத்து மேஜை எல்லாம் ஒரு தடவை கண் முன்னால் வந்தன. ‘யோசிச்சு சொல்றேன்க்கா’ என்று சொல்லலாம். இந்தக் குடும்பத்தில் அதற்கு மாட்டேன் என்று அர்த்தம். அது பெரியவளுக்கும் தெரியும்.

தன் பொய்யைக் கொட்டகைக்குப் பின்னால் மறைத்து வைத்துக் காப்பாற்றியவளிடம் அதை எப்படிச் சொல்வது?

“வர்றேன்க்கா” என்றாள்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் காரின் எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது. பிறகு லைன் கட்டாகிவிட்டது.

*

கண்ணாடியைத் தட்டினார் லிஃப்ட்காரர். பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே வந்து உட்கார்ந்தார். கதவைச் சாத்தினார். அந்தப் போலி உற்சாகம், சிரிப்பு ஒன்றும் முகத்தில் இல்லை.

“நீக்கிட்டியா?”

“இன்னும் இல்லை.”

“நல்லது. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். நீ கோபப்படக் கூடாது.”

“சொல்லுங்க.”

அவர் டாஷ்போர்டைத் தடவிக்கொண்டே சொன்னார். “இந்தக் கார் ஏறும்.”

சின்னவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“போன மழைக்காலத்துல அப்பாவுக்கு மருந்து கொண்டு போனேன் இல்ல, நீ லேபுல இருந்தே. நல்ல மழை. உனக்கு ஏறாத அதே திருப்பம். சும்மா முயற்சி பண்ணினேன், ஏறிடுச்சு. எனக்கே பகீர்னு ஆயிடுச்சு. அப்படியே ரிவர்ஸ் எடுத்துக் கீழ வந்து, அடிவாரத்துல விட்டுட்டு, நனைஞ்சுக்கிட்டே நடந்து போனேன். ஏறலைண்ணா, நடந்துதான் வந்தேன்னு அண்ணன்கிட்ட சொன்னேன். அவரு துண்டு எடுத்துக் குடுத்தாரு.”

வேறொரு நாளாக இருந்தால் சின்னவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

“ஏன்?” என்று மட்டும் கேட்டாள்.

“எனக்கு அங்க போக இஷ்டமில்லை. அங்க எந்த வீட்டுல லிஃப்ட் இருக்கு? செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, அண்ணன் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிக்கிட்டு... அவரு முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரலை. காரைப் பார்த்து வச்சுட்டேன்னாரு, சரின்னுட்டேன். நீ எப்படியும் வேண்டாம்னு சொல்லுவேன்னு உன்னையே நம்பிக்கிட்டு இருந்தேன். சரிவுல நீ நிறுத்தி ஏத்தறப்போ, வழுக்கிடணும்னு நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.”

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப தைரியம் வந்துடுச்சு. நானே அண்ணன்கிட்ட பேசறேன். நீ ஒரு ‘ம்’ சொல்லு, இதே கார்ல வீட்டுக்குப் போயிடலாம்.”

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்! அந்தப் போன் அடிப்பதற்கு முன்னால் வந்து இந்தக் கதவைத் திறந்திருக்கக் கூடாதா! சின்னவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. நானும் அதே பொய்தான் சொன்னேன் என்று இப்போது சொன்னால், அப்புறம் எதுக்குப் போகணும் என்பார். அதற்குச் சொல்ல இருக்கிற ஒரே பதில் பெரியவள்தான், அதைத்தான் சொல்லக் கூடாது.

“போகலாங்க” என்றாள். “மேல போயிடலாம். மாமா பக்கத்துல நான் இருக்கணும்.”

அவர் அவளையே பார்த்தார்.

“உனக்கு... நிஜமாவே போகணுமா?”

“ம்.”

“லேப் வேலை?”

“பரவாயில்லை.”

அவர் முகம் மெல்ல மெல்லச் சிறுத்தது. என்ன கணக்குப் போடுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

“அப்போ, இவ்வளவு நாளா நான்தான் உன்னைப் போக விடாம தடுத்திருக்கேன். ஏறலைன்னு நீ வருத்தப்பட்டுத் திருப்பினே. ஏறும்னு தெரிஞ்சும் நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கேன். எங்க அப்பாவைப் பார்த்துக்க நீ தவிச்சுக்கிட்டு இருந்திருக்கே. எனக்குத் தெரியவே இல்லை பாரு.”

“அப்படியெல்லாம் இல்லைங்க.”

“இனிமே குறுக்க நிக்க மாட்டேன். சத்தியம்.” அவர் கண் கலங்கிவிட்டது. “என்னை மன்னிச்சுடு.”

சின்னவள் போனைத் திறந்தாள். ‘இந்த வாகனத்தை நீக்கவா?’ இன்னும் காத்துக்கொண்டிருந்தது. ‘ஆம்’ என்ற எழுத்தின் மேல் விரலை வைத்தாள். முன்னால் இருந்த திரை அணைந்தது.

பக்கத்தில் அவர் இன்னும் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சுட்டேன்” என்றாள்.